ஐந்தாவது ஆள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு பேனாவைப் பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். எழுத்து கோணலாகப் போகும், முன்னால் நடந்தது பின்னால் வரும், சிலது மறந்தே போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதால் கொஞ்சம் தைரியமாக இருக்கிறது.

எழுதச் சொன்னது என் மருமகள். அவள் ஸ்பெயின் நாட்டுக்காரி. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். என் மகன் சிவகாசியில் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டக் கற்றுக்கொண்டு, பிறகு அதைப் பழுது பார்க்கவும் படித்து, மிஷின் விற்கிற கம்பெனி வழியாக அந்த ஊருக்குப் போனவன். போன இடத்தில் இவளைப் பிடித்துப்போய் அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. கல்யாணத்தைப் போனில் பார்த்தோம். பக்கத்து வீட்டு மதினி, கூட உட்கார்ந்து பார்த்தவள், தாலி கட்டுகிற நேரம் இதுதான் என்று அவளாக நினைத்துக்கொண்டு போன் மேலேயே அட்சதை போட்டுவிட்டாள். ஒரு அரிசி சார்ஜ் போடுகிற ஓட்டைக்குள் போய், ஊக்கை வைத்து நோண்டி எடுத்தோம்.

அந்த மதினி உறவில் மதினி இல்லை. ஒரே ஆபீசில், ஒரே அறையில் பல வருஷம் சேர்ந்து வேலை பார்த்ததில் மதினி ஆனவள், நானும் அவளுக்கு மதினிதான். எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஆபீசுக்குப் போனேன் என்று நான் எழுதினால் நாற்காலியில் உட்கார்ந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். தரையில் சாக்கை விரித்து உட்காருகிற ஆபீஸ் அது.

என் வீட்டுக்காரர் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். நெஞ்சில் சளி கட்டி, மதுரை ஆஸ்பத்திரி வரை போய், தவறிப்போனார். அதற்குப் பிறகு நான் மட்டும்தான் வீட்டில். நாரணாபுரம் போகிற வழியில் ஒரு கூடமும் அடுப்படியும் உள்ள சின்ன வீடு. பின்னால் தண்ணீர்த் தொட்டியும் துவைக்கிற கல்லும் இருக்கின்றன.

கல்யாணம் முடிந்து முதல் தடவையாக மகனும் மருமகளும் வந்தது தீபாவளி கழிந்த பிறகு. அந்த நாட்களில்தான் எங்கள் ஊருக்கு ஓய்வு. ஆபீசெல்லாம் அடைத்திருக்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளைக்கார மருமகள் வந்து இறங்கினால் சும்மா இருப்பார்களா? காலையில் கதவைத் திறந்தது முதல் ராத்திரி சாத்துகிற வரைக்கும் கூடத்தில் ஆள் இல்லாத நேரமே இல்லை.

மதினிதான் எல்லோருக்கும் முன்னால். மருமகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மதினி, இவள வெயில்ல கியில நிறுத்திராதீக. வெண்ணெ மாதிரி உருகிப்போவா. பெறகு சட்டியிலதான் அள்ளணும்" என்றாள்.

"அத்தை, அவளுக்குத் தமிழ் தெரியாதுன்னு என்னத்தையும் பேசாதீக" என்றான் மகன். "நீங்க சிரிக்கிற சிரிப்ப வச்சே கண்டுபிடிச்சிருவா."

"கண்டுபிடிக்கட்டுமே. நா என்ன கெட்டதா சொல்லுதேன்? ஏ தாயி, நீ சாப்பிட்டியா? இவன் ஒனக்குச் சோறு போடுதானா, இல்ல மிஷினத் தொடைக்க விடுதானா?"

மருமகள் எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். நல்ல பிள்ளை. கூச்சமே கிடையாது அவளுக்கு. தெருப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, அவர்கள் கையைப் பிடித்து ஒன்று இரண்டு எண்ணக் கற்றுக்கொண்டாள். அவள் அடுப்படிக்குப் போனால் பிள்ளைகளும் அடுப்படிக்குப் போவார்கள். தொட்டிக்குப் போனால் தொட்டிக்கு.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் செய்தது எனக்கே தெரியாமல் செய்தது. கூடத்தில் ஆள் சேர்ந்ததும் நான் எழுந்து பின்பக்கம் போய்விடுவேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருப்பேன். மருமகள் என்னைத் தேடிக்கொண்டு பின்பக்கம் வருவாள், அவளோடு பிள்ளைகளும் இரண்டு மூன்று பெண்களும் வருவார்கள். வந்தவர்களுக்குக் காபி போட நான் எழுந்து அடுப்படிக்குள் போவேன். அவள் அடுப்படிக்குள் எட்டிப் பார்ப்பாள், கூட வந்தவர்களும் நுழைவார்கள். நான் கூடத்துக்குப் போவேன். பார்க்கிறவர்களுக்கு மாமியாரும் மருமகளும் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள் என்று தோன்றியிருக்கும். சாப்பாட்டுக்கு எல்லோரும் வரிசையாக உட்காரும்போது பரிமாறி முடித்துவிட்டு, என் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். அவர்கள் எடுத்த போட்டோ எதிலும் நான் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அவர்கள் ஊரில் காலையில் பார்த்தால், வெளியே போய் வந்தால், தூங்கப் போனால் கட்டிப்பிடித்துக் கன்னத்தோடு கன்னம் வைப்பார்களாம். அவள் கையை விரித்துக்கொண்டு வரும்போதெல்லாம் நான் இரண்டு கையையும் உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "இரு இரு" என்று பின்னால் போவேன். ஏன் என்று கேட்டால் அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒரு நாள் காலையில் அவள் மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அவள் பாஷையில் போனிடம் ஏதோ பேசினாள். போனுக்குள்ளிருந்து ஒரு பெண், ரேடியோவில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி, தமிழில் கேட்டாள்: "நீங்கள் தனிமையை விரும்புகிறீர்களா?"

என்னை அத்தனை மரியாதையாக யாரும் எதுவும் கேட்டதில்லை.  கூச்சம் வந்தால் ஆமாம் என்று தலையை ஆட்டிவிடுவது என் வழக்கம். ரேஷன் கடையிலும் அப்படித்தான், ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். அன்றைக்கும் ஆட்டிவிட்டேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். போனை அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தனிமை என்ற அந்த வார்த்தையைப் படித்திருக்கிறேன். வீட்டில், தெருவில் யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. நாங்கள் ஒத்தையில் கிடக்கிறேன் என்போம். வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்போம். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை என்போம். என் வீட்டுக்காரர் போன புதிதில் மதினி தன் பேத்தியை ராத்திரி என் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். துணைக்குப் படுக்கப் போகிறேன் என்று அந்தப் பெண் பாயைச் சுருட்டிக்கொண்டு வரும், படுத்ததும் தூங்கிவிடும். என் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்தார்கள், ஆள் அனுப்பினார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நான் தலையை ஆட்டிய மறுநாள், மகன் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"எம்மா, நாங்க நாளைக்கு மதுரையில போயி ரூம் போட்டுக்கிடுதோம். பெறகு அங்கன இருந்தே பிளைட் ஏறிருவோம்."

"ஏன்லே? இன்னும் ஒரு வாரம் இருக்குன்ன?"

"இருக்கு. இங்கன எந்நேரமும் ஆளுங்க. ஒனக்குத்தான் செரமம். நீ இந்தக் கல்லுல வந்து வந்து ஒக்காந்துகிட்டு இருக்கத நானும் பாக்கேன்ல. நாங்க போனா நீ நிம்மதியா இருப்ப."

"நா அப்பிடிச் சொன்னேனா?"

"நீ சொல்லணுமா? ஒனக்குத் தனியா இருக்கதுதான பிடிக்கும். சின்னதுல இருந்தே எனக்குத் தெரியும்." பிறகு சொன்னான். "அவ நேத்து அழுதா. ஒங்கம்மாவுக்கு என்னயப் பிடிக்கலையான்னு கேட்டா. அப்பிடி இல்ல, எங்கம்மா யாரையுமே பக்கத்துல விடாது, என்னையும் விட்டதில்லன்னு சொன்னேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் கோபமாகவே சொல்லவில்லை. மழை வருகிற மாதிரி இருக்கிறது, துணியை எடு என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

என் பிள்ளை என்னைப் பற்றி அப்படி ஒரு எண்ணத்தை இத்தனை வருஷமாக வைத்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது அந்த எண்ணத்தை மருமகளுக்கும் கொடுத்துவிட்டான். இருவரும் அதை எடுத்துக்கொண்டு கடல் தாண்டிப் போய்விட்டால் நான் போனில் என்ன பேசி மாற்ற முடியும்? போனில் நான் பேசுவதே சாப்பிட்டியா, மழை உண்டா, அவ்வளவுதான்.

மதினி வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தில் வத்தலைக் கொட்டிக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். வருத்தப்படுவாள் என்று பார்த்தால் சிரித்தாள்.

"கிறுக்கு மதினி! அது ஆபீசு பழக்கம்லா? நானுந்தான் எந்திரிச்சுப் போறேன். ஏம் மருமக என்ன சொல்லுதா தெரியுமா, அத்தை கால்ல சக்கரம் கெட்டியிருக்குன்னு. நாலு பேருக்கு மேல ஒரு வீட்டுக்குள்ள இருந்தா எனக்கு முதுகு நமநமங்குது. போன மாசம் கல்யாண மண்டபத்துல, தாலி கட்டையில நா எங்க நின்னேன்? வாசல்ல செருப்புக்குக் காவல்."

"நீங்களுமா?"

"பெறகு? ஒண்ணாதான ஒக்காந்தோம் அம்புட்டு வருசமும்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் அது என் சுபாவம் என்றே நானும் நினைத்திருந்தேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நாங்கள் இருவரும் மருந்து செலுத்துகிற வேலை பார்த்தோம். காகிதக் குழாய்க்குள் வெடி மருந்தை நிரப்புவது. அந்த வேலை நடக்கிற அறைகளைச் சேர்த்துக் கட்ட மாட்டார்கள். வேப்ப மரங்களுக்கு நடுவே ஒன்று இங்கே, அடுத்தது கூப்பிட்டால்தான் கேட்கும் தூரத்தில், அப்படித் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். ஒன்றில் ஏதாவது ஆனால் மற்றதற்குப் பரவக் கூடாது. எங்கள் அறைக்குச் சுற்றிலும் வாசல். ஆளுக்கு ஒரு வாசல் ஓரமாக உட்கார வேண்டும், எழுந்தால் ஒரே எட்டில் வெளியே போய்விட வேண்டும். இந்த அறைக்கு நான்கு பேர் என்று சுவரிலேயே எழுதியிருக்கும். ஐந்தாவதாக ஒருத்தி எதற்காகவோ உள்ளே கால் வைத்தால், வந்தவளைத் திட்டிக்கொண்டிருக்க நேரமில்லை, எங்களில் ஒருத்தி எழுந்து வெளியே போய்விடுவாள். வந்தவள் போன பிறகு மறுபடி வந்து உட்காருவாள். ஆரம்பத்தில் போர்மேன் வந்து கத்துவார், "அஞ்சாவது ஆளு யாரு? வெளிய!" என்று. பிறகு ஒரு சீசனில், வெம்பக்கோட்டைப் பக்கம் வேறொரு ஆபீசில், ஆர்டர் குவிந்து கிடந்த நேரத்தில் ஒரு அறையில் கூடுதலாக ஆட்களை உட்கார வைத்திருந்தார்கள். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு எங்கள் போர்மேன் கத்த வேண்டியே இருக்கவில்லை.

எழுந்து போகிறவளுக்கு உள்ளே இருப்பவர்கள் மேல் கோபம் எதுவும் கிடையாது. அவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் போவாள். மர நிழலில் நின்றுகொண்டு அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். மதினி உள்ளே இருந்து தன் மாமியாரைப் போலப் பேசிக் காட்டுவாள், வெளியே நிற்கிற நானும் சிரிப்பேன்.

"நா வந்து அவன்கிட்ட சொல்லட்டா?" என்று மதினி கேட்டாள். "நறுக்குன்னு நாலு வார்த்த கேட்டுட்டு வாரேன்."

"வேண்டாம் மதினி. நானே சொல்லுதேன்."

"நீங்களா?" என்றாள். அவள் நம்பவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது எனக்கும் நம்பிக்கை இல்லை.

சாயந்திரம் வந்தவர்களை மதினி எப்படியோ தன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மகனை உட்காரச் சொன்னேன், மருமகளையும் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

"நா சொல்லச் சொல்ல அவகிட்ட அவ பாசையில சொல்லு. ஒண்ணையும் விட்றாத."

"என்னம்மா, கோர்ட்டுல சாட்சி சொல்லப் போறியா?"

"ஆமா, அப்பிடியே வச்சுக்கோ."

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அறையிலிருந்தே ஆரம்பித்தேன். நான்கு வாசல், நான்கு பேர், ஐந்தாவது ஆள். அவன் ஒவ்வொன்றாக மாற்றிச் சொன்னான். அவளுக்குப் புரிய வைக்கத் தரையில் விரலால் கட்டம் போட்டுக் காட்டினான். ஆபீசுக்குள் பிள்ளைகளை விட மாட்டார்கள், அந்த அறையை அவனும் பார்த்ததில்லை. அதனால் நடுநடுவே அவனே என்னிடம் கேள்வி கேட்டான். வாசலுக்குக் கதவு உண்டா? உண்டு, வேலை நேரத்தில் சாத்தக் கூடாது. மழை பெய்தால்? நனைவோம்.

பிறகு கட்டிப்பிடிக்கிற விஷயத்துக்கு வந்தேன். மருந்து சேலையில், ரவிக்கையில், தலைமுடியில் எல்லாம் படிந்திருக்கும். கை வெள்ளி பூசின மாதிரி மின்னும். பஸ்ஸில் ஏறினால் புதுச் சேலை கட்டியிருப்பவர்கள் தள்ளி உட்காருவார்கள். அந்தத் துணியோடு அடுப்புப் பக்கம் போகக் கூடாது, குழந்தையைத் தொடக் கூடாது. குளித்து வேறு சேலை கட்டிய பிறகுதான் எதுவும்.

"இவன் சின்னப் பிள்ளையா இருக்கையில," என்று மருமகளைப் பார்த்துச் சொன்னேன், அவனைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, "பொழுதுக்கும் என்னயப் பாக்காம கெடந்துட்டு, தெரு முனையில என்னயக் கண்டதும் ஓடி வருவான். கைய ரெண்டையும் தூக்கிக்கிட்டு. நா கிட்ட வராத, தூரப் போ, தொடாதன்னு சத்தம் போடுவேன். ஏலே, சொன்னாக் கேக்க மாட்டியான்னு வெரட்டுவேன். அவன் அழுதுகிட்டே நிப்பான். நா வீட்டுக்குப் பின்னால போயி, தேச்சுத் தேச்சுக் குளிச்சுட்டு, பெறகு வந்து தூக்குவேன். செல நாளு அதுக்குள்ள அவுக அப்பா தோள்லயே தூங்கியிருப்பான்."

மகன் மாற்றிச் சொல்லவில்லை. மருமகள் அவன் முழங்கையைத் தொட்டு என்ன, என்ன என்று கேட்டாள். அவன் சொல்ல ஆரம்பித்தான். மெதுவாக, தவறில்லாமல் சொல்ல வேண்டும் என்பது போலச் சொன்னான். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"எம்மா, நீ குளிச்சுட்டு வந்து தூக்குனது எனக்கு ஞாபகமே இல்ல. வெரட்டுனது மட்டும் ஞாபகம் இருக்கு."

 அவன் மீதியையும் சொல்லி முடித்தான்.

மருமகள் தரையில் அவன் போட்டுக் காட்டிய கட்டத்தைத் தன் விரலால் ஒரு தடவை சுற்றி வந்தாள். பிறகு வார்த்தைகளைப் பற்றிப் பேசினாள். அவள் வேலையே அதுதானே. இங்கிலீஷில் இதற்கு ஒன்றுக்கு மேல் வார்த்தை இருக்கிறதாம். பக்கத்தில் ஆள் இல்லாமல் இருப்பதற்கு அலோன் என்று ஒன்று. ஆள் இல்லையே என்று மனசு வாடுவதற்கு லோன்லி என்று ஒன்று. அது கூட்டத்துக்கு நடுவில் இருந்தாலும் வருமாம். தானாக விரும்பி அமைதியாக இருப்பதற்கு வேறு ஒன்று, அது என் வாயில் நுழையவில்லை. அவள் படிக்கப் போயிருந்தபோது இங்கிலாந்தில் ஒரு வயசான அம்மாள் வீட்டில் வாடகைக்கு இருந்தாளாம். அந்த அம்மாள் ஒரு நாளும் தனக்கு லோன்லியாக இருக்கிறது என்று சொன்னதில்லையாம். சொல்வது வெட்கமாம் அங்கே. இன்றைக்குக் குளிர் அதிகம், டீ கூடுதலாகப் போட்டுவிட்டேன், குடிக்கிறாயா என்று மட்டும் கேட்பாராம். இவளும் டீ வேண்டாம் என்றால்கூடப் போய் உட்காருவாளாம்.

ஸ்பானிஷில் சொலெதாத் என்று ஒரே வார்த்தையில் வாட்டத்தையும் சொல்லலாமாம், அமைதியையும் சொல்லலாமாம். எது என்பதைச் சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அவள் பாட்டி ஊரில் கிழவிகள் அதை ஒளிக்கவே மாட்டார்களாம். ஜன்னலைத் திறந்து, "எப்படி ஒத்தையில விட்டுட்டீக என்னய!" என்று தெருவில் போகிறவர்களைப் பார்த்துச் சொல்வார்களாம், போகிறவர்களும் நின்று பதில் சொல்வார்களாம். அந்தப் பெயரில் ஒரு மாதாவே இருக்கிறாளாம், பெண் பிள்ளைகளுக்கும் அதையே பெயராக வைப்பார்களாம். இதை மறுநாள் மதினியிடம் சொன்னபோது, "நம்ம ஊருல ஒத்தையம்மான்னு வச்ச மாதிரியாக்கும்? எந்த மாப்பிள்ள வருவான்?" என்றாள்.

எல்லாம் சொல்லிவிட்டு மருமகள் கேட்டாள், மகன் மாற்றிச் சொன்னான்: "நீ பின்னால போயி அந்தக் கல்லுல ஒக்காருதேல்லம்மா, அது இதுல எதுன்னு கேக்கா."

யோசித்துப் பார்த்தேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது உள்ளே நீங்கள் எல்லாம் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, எனக்கு நன்றாகத்தான் இருந்தது, இதில் எதுவும் இல்லை என்றேன்.

"அப்ப ஒனக்கு லோன்லியா இருந்ததே இல்லையான்னு கேக்கா."

"இருந்துச்சு. நாங்க போனா நீ நிம்மதியா இருப்பன்னு சொன்னேல்ல, அப்ப."

அவன் அதை மாற்றிச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். மருமகள் அவனைச் சும்மா விடவில்லை, சொல்லச் சொல்லிக் கேட்டாள், சொல்ல வைத்தாள். கேட்டுவிட்டு அவனைப் பார்த்துக் கொஞ்சம் கடுமையாகவே ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"பெட்டியப் பிரிங்குதா" என்றான்.

மதுரைக்குப் போகவில்லை. ரூம் வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டான்.

அதற்காக என் பழக்கம் மாறிவிட்டது என்று எழுத முடியாது. மறுநாளும் கூடத்தில் ஆள் சேர்ந்தது, எனக்கு முதுகு நமநமத்தது, எழுந்தேன். நான் எழுந்ததைப் பார்த்து மருமகளும் எழுந்தாள். நீ இரு என்று கையைக் காட்டினேன். அவள் ஏதோ சொல்ல, மகன் சிரித்துவிட்டுச் சொன்னான்: "நானும் வெளிய வந்துட்டா உள்ள இன்னும் ஒரு ஆளு கொறையும், எல்லாருக்கும் நல்லதுதானேங்குதா." அவள் வந்து கல்லில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவள் பின்னாலேயே எழுந்து வந்துவிட்டார்கள். திறந்த வெளியில் எத்தனை பேர் இருந்தாலும் எனக்கு ஒன்றும் செய்வதில்லை. மீதி நாட்களில் சாப்பாடுகூடத் தொட்டிப் பக்கத்தில்தான். மகன் ஒரு நாள் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டான், தூறல் விழுந்தும் உள்ளே போகவில்லை.

ஊருக்குப் போகிற அன்று காலையில் மகன் கூடத்தில் வந்து என் முன்னால் நின்றான். நான் குளித்து, வெளுத்த சேலை கட்டியிருந்தேன். ஆபீசை விட்டு நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது, என் கையில் மருந்து எங்கே இருக்கிறது? ஆனாலும் அவன் கிட்டே வந்தபோது என் கைகள் இரண்டும் தள்ளித்தான் போயின. அவன் கேட்கவில்லை. வந்து கட்டிக்கொண்டான். அவன் என்னைவிட ஒரு முழம் உயரம். கை எவ்வளவு நேரம் தள்ளியே இருக்கும், பிறகு அவன் முதுகில் இறங்கிவிட்டது.

போய்ச் சேர்ந்த பிறகு மருமகள் போனில், மகன் மாற்றிச் சொல்ல, கேட்டாள், அன்றைக்குச் சொன்னதை எல்லாம் உங்கள் எழுத்தில் எழுதித் தாருங்கள் என்று. அதனால் எழுதினேன்.

இதில் தவறு இருக்கும். இங்கிலீஷ், ஸ்பானிஷ் வார்த்தைகளை என் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன், அதை மருமகள் சரி பார்க்கட்டும். சுவரில் எழுதியிருந்தது அறைக்கு அறை வேறுபடும் என்று நினைக்கிறேன், அதை ஆபீசில் வேலை பார்த்த யாராவது சரி பார்க்கட்டும். எனக்கு முக்கியமானது ஒன்றுதான். குளித்துவிட்டு வந்து அவனைத் தூக்கினேன் என்று எழுதியிருக்கிறேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம், அவனுக்கு இல்லை. அவன் அப்பா உயிரோடு இல்லை. மதினி அந்த நாளில் எங்கள் வளவில், ஒரே முற்றத்தைச் சுற்றின வீடுகளில் ஒன்றில்தான் குடியிருந்தாள், சாயந்திரம் என்னோடுதான் வீடு திரும்புவாள், அவள் பார்த்திருப்பாள். நான் கேட்டால் எனக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவாள். அதனால் வேறு யாராவது அவளிடம் கேட்டு, தூக்கினேனா என்று தெரிந்து, இல்லை என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.